ஆட்சிக்கு ஒரு சொல். எதிர்ப்புக்கு ஒரு சொல்!

எரிநெய்யும் எரிவளியும் மண்ணுக்கடியில் கிடக்கின்றன. அவற்றைப் பற்றிய பொய்களோ மேடைக்கு மேடை கிடக்கின்றன. முன்னவற்றைத் தோண்டி எடுக்கப் பொறி வேண்டும். பின்னவற்றைத் தோண்டி எடுக்க நினைவு ஒன்றே போதும். தமிழனிடம் பொறி இல்லாமற் போயிற்று என்பது பெருங்குற்றமன்று. நினைவு இல்லாமற் போயிற்றே, அதுதான் கேடு. அந்நினைவைக் கிளறிவிடுவதே இக்கட்டுரையின் வேலை.

கடந்த பதினைந்து ஆண்டுகளாகத் தமிழகத்துக் கட்சிகள் இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு நம்மை ஏய்த்து வருகின்றன. ஒன்று 'வளர்ச்சி', மற்றொன்று 'மண்காப்பு'. ஆட்சிக் கட்டிலில் அமர்ந்திருக்கும்பொழுது முதற்சொல்லும், கட்டிலினின்று இறங்கிய மறுநாளே இரண்டாம் சொல்லும் அவர்தம் நாவில் வந்து குடியேறிவிடுகின்றன. இடையில் மண் மாறியதா? நீர் மாறியதா? உழவன் மாறினானா? இல்லை. இருக்கை மாறிற்று, சொல்லும் மாறிற்று. இதனைச் சான்றுகளோடு காட்டுவோம். கொங்கு மண்ணிலிருந்தே தொடங்குவோம்.

கொங்கில் புதைந்த குழாய்

கொச்சித் துறைக்குக் கப்பலில் வந்திறங்கும் அயல்நாட்டு எரிவளியைப் பெங்களூருக்குக் கொண்டு செல்ல, நடுவணரசின் நிறுவனமாகிய கெயில் ஒரு குழாய்த் திட்டம் வகுத்தது. கொச்சி – கூற்றநாடு – பெங்களூர் – மங்களூர் என்பது அதன் பெயர். அப்பெயரில் தமிழகத்து ஊர் ஒன்றுகூட இல்லை என்பதை நோக்குக! எரிவளி இறங்கும் இடம் கேரளம். எரியும் இடம் கருநாடகம். ஆனால் குழாய் கிடக்கவேண்டிய இடமோ கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருட்டிணகிரி ஆகிய ஏழு தமிழக மாவட்டங்கள். நீளம் ஏறத்தாழ 310 கி.மீ. பெயரில் இடமில்லாத தமிழனுக்குச் சுமையில் மட்டும் இடம் ஒதுக்கப்பட்டது.

இக்குழாயைப் புதைக்க அவர்கள் துணைக்கொண்டது 1962ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. அச்சட்டத்தின் சூழ்ச்சியை ஒவ்வோர் உழவனும் அறிந்திருத்தல் வேண்டும். அது நிலத்தை விலைக்கு வாங்குவதில்லை; நிலத்தின் அடியைப் 'பயன்படுத்தும் உரிமை'யை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பட்டா உழவன் பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய்த் தடத்தின்மேல் அவன் வீடு கட்டக் கூடாது. கிணறு வெட்டக் கூடாது. குளமோ அணையோ எடுக்கக் கூடாது. மரம் ஒன்று நடவும் கூடாது. இதற்கு ஈடாக அவன் பெறுவது பயிருக்கும் மரத்துக்கும் நேரும் சேதத்துக்குரிய தொகையும், நிலத்தின் சந்தை விலையில் நூற்றுக்குப் பத்துப் பங்குமேயாம். பத்துப் பங்கைக் கொடுத்துவிட்டுத் தொண்ணூறு பங்கின் பயனையும் முடக்கிப் போடும் வாணிகத்தை வேறெந்தச் சந்தையில் காண முடியும்?

கணக்கைக் கூட்டிப் பாருங்கள். குழாய்த் தடத்தின் அகலம் 20 மீட்டர். ஓர் உழவனின் தோட்டத்தை அது 200 மீட்டர் நீளத்துக்குக் குறுக்கே கடந்தால் 4,000 சதுர மீட்டர் போயிற்று. ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். எனவே, மூன்று ஏக்கர் வைத்திருப்பவனுக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் முடக்கம். 310 கி.மீ. நீளத்துக்கும் பெருக்கினால் 1,500 ஏக்கருக்கு மேல் வரும். கொங்கு வேளாண்மை ஆற்றுப் பாய்ச்சலை மட்டும் நம்பி நிற்கும் வேளாண்மையன்று. பாறையை உடைத்துக் கிணறு வெட்டி, கவலை இறைத்துப் பாத்தி நனைத்து, மூன்று தலைமுறை உழைப்பால் மேட்டு நிலத்தைத் தோட்டமாக்கியவர்கள் இம்மக்கள். கிணறு வெட்டக் கூடாது, தென்னை நடக் கூடாது என்று கொங்கு உழவனிடம் சொல்வது, மூச்சு விடக் கூடாது. ஆனால் உயிரோடிருக்கலாம் என்று சொல்வதையொக்கும்.

உழவர்கள் குழாயே கூடாது என்றார்களா? அதுவுமில்லை. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போங்கள் என்றே கேட்டார்கள். சாலை அரசுடையது, தோட்டம் உழவனுடையது. இத்துணை எளிய முறைமைகூடத் தில்லிக்கு எட்டவில்லை.

கட்சிகள் ஆடிய கூத்து

இனிக் கட்சிகளைப் பார்ப்போம். இத்திட்டம் உருவாகி நிலத்தில் இறங்கிய காலத்தில் தில்லியில் நடந்தது பேராயக் கட்சியின் கூட்டணி ஆட்சி. 2004 முதல் 2013 மார்ச்சு வரை அவ்வாட்சியில் தி.மு.க.வும் பங்கு பெற்றிருந்தது. அக்காலத்தில் 'வளர்ச்சி' என்பதே இவ்விரு கட்சிகளின் சொல். 1962ஆம் ஆண்டுச் சட்டத்தை உழவனுக்கு ஏற்பத் திருத்த வேண்டும் என்று அமைச்சரவையினுள் முரசு கொட்டிய கழகத்து அமைச்சர் எவரையும் நாம் அறியோம்.

அ.தி.மு.க. அரசு 2013 மார்ச்சில் கோவையில் உழவர்களின் கருத்தைக் கேட்டது. அம்மாதமே முதலமைச்சர் செயலலிதா, குழாயை விளைநிலங்களை விட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு செல்ல வேண்டும் எனச் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லதை நல்லதென்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை, அவ்வறிவிப்பு நல்லதே. ஆனால் அதன் முடிவு என்னாயிற்று? கெயில் வழக்காடிற்று. 2013 நவம்பர் 25இல் சென்னை உயர்நயன்மன்றம் தமிழக அரசின் ஆணையைத் தள்ளிற்று. 2016 பிப்ரவரி 2இல் உச்சநயன்மன்றமும் தமிழக அரசின் மேல்முறையீட்டைத் தள்ளிற்று. தமிழக முதலமைச்சர், தமிழகத்துச் சட்டமன்றத்தில் நின்று, தமிழகத்து மண்ணைப் பற்றிச் சொன்ன சொல் செல்லாக் காசாயிற்று!

ஏன் செல்லாமற் போயிற்று? இதைத்தான் எந்தக் கட்சியும் மக்களுக்கு விளக்கிச் சொல்வதில்லை. இந்திய அரசியலமைப்பின் ஏழாம் பட்டியலில், நடுவணரசுக்குரிய அதிகாரங்களுள் 53ஆம் இனமாக எரிநெய் வயல்களும் கன்னெய்யும் வைக்கப்பட்டுள்ளன. மண் நம்முடையது, மண்ணடி தில்லியுடையது. இந்த உண்மையை மறைத்துவிட்டு, 'இசைவு தரோம், விடோம்' என்று மேடையில் முழங்குவது, பூட்டின் திறவுகோலை அயலான் இடுப்பில் செருகிவிட்டுக் கதவுக்குக் காவல் நிற்பதாகும்.

கோவையிலிருந்து வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் போய்ப் பாருங்கள்; கூத்து இன்னும் சுவைக்கும். தமிழகத்தில் கெயில் குழாய்க்கு எதிராக உழவர்களைத் திரட்டி முன்னின்ற அமைப்புகளுள் மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியின் உழவர் சங்கமும் ஒன்று. அவர்கள் போராடியது மெய், அடிபட்டதும் மெய். ஆனால் அதே குழாய் கேரளத்தில் கோழிக்கோட்டு மாவட்டத்து முக்கம் பகுதியில் வந்தபொழுது, 2017இல் அங்கே எதிர்த்த மக்கள்மீது காவலரை ஏவியது அதே கட்சியின் ஆட்சி. கணவாய்க்கு இப்புறம் மண்காப்பு, அப்புறம் வளர்ச்சி. கொச்சி – மங்களூர்க் குழாயைத் தலைமை அமைச்சர் மோதி 2021 சனவரி 5இல் தொடங்கி வைத்தபொழுது, கேரள முதலமைச்சர் பினராயி விசயன் அதனைத் தம் ஆட்சியின் வெற்றியாகவே எண்ணினார். கொள்கை மலையேறி இறங்குவதற்குள் நிறம் மாறிப்போகுமெனின், அது கொள்கையா, ஓணானா?

பெயரை மாற்றிய துளைப்பான்

கொங்கின் குழாயைப் பார்த்தோம். இனிக் காவிரிப் படுகையின் துளையைப் பார்ப்போம். இரண்டும் ஒரே எரிபொருள் அரசியலின் இரு கைகள். ஒரு கையின் வேலையை அறியாதவனுக்கு மறுகையின் வேலை விளங்காது.

மன்னார்குடிப் பகுதியில் தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் 691 சதுர கி.மீ. பரப்பில் நிலக்கரிப் படிவத்து மீத்தேன் வளியை எடுக்கும் உரிமை 2010இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு நடுவணரசால் வழங்கப்பட்டது. 2011 சனவரியில் தி.மு.க. அரசு அந்நிறுவனத்தோடு உடன்பாட்டில் ஒப்பமிட்டது. மீத்தேன் எடுக்கும் முறையை அறிந்தவர்க்கு அதன் கேடு சொல்லாமலே விளங்கும். படிவத்தின் மேலுள்ள நீரின் அழுத்தம் குறைந்தாலன்றி வளி வெளிவராது. ஆகலின் முதலில் நிலத்தடி நீரை இறைத்து வெளியே கொட்ட வேண்டும். நெல் விளையும் மண்ணில் நீரை வடித்துவிட்டு வளியை எடுப்பது, தாயின் பாலை வற்றவைத்துப் பிள்ளைக்குப் பணம் கொடுப்பது போலாம்.

மக்கள் எழுந்தனர். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊரூராய் நடந்து உணர்த்தினார். அப்போராட்டக் களத்திலேயே 2013 திசம்பர் 30இல் மறைந்தார். செயலலிதா அரசு 2013இல் திட்டத்தை நிறுத்தி வைத்து, 2015 அக்தோபரில் தடையை உறுதியாக்கிற்று. ஒப்பமிட்ட தி.மு.க.வோ, எதிர்க்கட்சியானதும் எதிர்ப்பு அணியில் வந்து நின்றது. ஆய்வுக்கு மட்டுமே ஒப்பமிட்டோம் என்று விளக்கமும் தந்தது. வீட்டுச் சுவரைத் துளைத்துப் பார்க்க மட்டுமே இசைந்தேன், திருட இசையவில்லை என்று காவற்காரன் சொல்வானாகில், நாம் என்ன சொல்வோம்?

மக்கள் மீத்தேன் ஒழிந்தது என்று மூச்சு விட்டனர். இங்கேதான் சொல்லின் சூழ்ச்சி தொடங்கிற்று. 2016 மார்ச்சில் நடுவணரசு ஒரு புதுக் கொள்கையை வகுத்தது. எரிநெய், இயற்கை வளி, மீத்தேன், பாறைவளி என்று தனித்தனியே உரிமம் வாங்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே உரிமம் போதும் என்பது அதன் சாறம். அனைத்தையும் உள்ளடக்கிய பொதுச்சொல் 'ஐட்ரோகார்பன்'. அக்கொள்கையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டினால் 'உதவி' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் வருகிறது. யாருக்கு உதவி என்பதைப் படுகை மக்கள் விரைவில் அறிந்தனர்.

2017 பிப்ரவரி 15இல் நடுவண் அமைச்சரவை இசைவளித்த ஒப்பந்தப் பகுதிகளுள் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலும் ஒன்று. மீத்தேனை விரட்டிய மக்கள் ஐட்ரோகார்பன் என்னும் பெயரைக் கேட்டு முதலில் திகைத்தனர். நீரகமும் கரிமமும் சேர்ந்த சேர்மங்கள் யாவற்றுக்கும் பொதுப்பெயர் அது. மீத்தேனும் அதன் ஒரு வகை. 'நீர்க்கரிமம்' என்று தமிழில் சொல்லியிருந்தால், இஃது என்ன என்று உழவன் ஒரு வினாவிலேயே தெளிந்திருப்பான். சொல் அயற்சொல்லாக இருக்கும்வரை திருட்டு வெளிச்சத்துக்கு வராது. தூய தமிழ் வேண்டும் என்று நாம் சொல்லும்பொழுது, இது புலவர்களின் வீண்வேலை என்று நகையாடுவோர் உளர். சொல் விளங்காமையால் ஊரே பறிபோகும் நிலை வந்ததைக் கண்ட பின்னரும் நகைப்பார்களா?

நெடுவாசல் போராட்டத்தின்போது பா.ச.க.வின் மூத்த தலைவராயிருந்த இல.கணேசன், நாடு நலம்பெற ஒரு மாநிலம் இழப்பை ஏற்பதில் தவறில்லை என்னும் பொருள்படப் பேசினார். மற்றக் கட்சிகள் மறைத்துச் சொன்னதை அவர் மறைக்காமற் சொன்னார், அவ்வளவே வேறுபாடு. ஆனால் அதே பா.ச.க. 2023இல் என்ன செய்தது? அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் படுகையின் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு ஆகிய பகுதிகள் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தன. தமிழகமே கொதித்தது. முதலமைச்சர் இசுடாலின் தலைமை அமைச்சருக்கு மடல் எழுதினார். ஒரு கிழமைக்குள் அம்மூன்றும் பட்டியலினின்று நீக்கப்பட்டன. உடனே, எங்களால்தான் நீங்கிற்று என்று பா.ச.க.வின் மாநிலத் தலைமை பெருமை கொண்டாடிற்று. எங்களால்தான் என்று தி.மு.க.வும் கொண்டாடிற்று. பட்டியலில் சேர்த்தவன் எவன் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

2025இலும் இதே கதை. இராமநாதபுர மாவட்டத்தில் எரிநெய் – இயற்கைவளிக் கழகம் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்டுவதற்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் மார்ச்சு மாதத்திலேயே இசைவளித்திருந்தது. செய்தி ஆகசுட்டில் வெளிவந்தபொழுதுதான், இத்திட்டத்தை விடமாட்டோம், இசைவைத் திரும்பப் பெறச் சொல்லியிருக்கிறோம் என்று தமிழக அமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். மார்ச்சில் தந்த இசைவு ஆகசுட்டில்தான் கண்ணில் பட்டதாம்! ஊர் விழித்தால் அரசும் விழிக்கும். ஊர் உறங்கினால் இசைவு நடக்கும். இதுதான் நாம் கண்ட பாடம்.

காப்புக் கோட்டுக்கு வெளியே கொங்கு

2020 பிப்ரவரி 9ஆம் நாள் சேலம் மாவட்டத்துத் தலைவாசலில் நின்றுகொண்டு முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, காவிரிப் படுகை காக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாகும் என்று அறிவித்தார். அம்மாதமே சட்டமும் வந்தது. எரிநெய், இயற்கைவளி ஆகியவற்றைத் தேடவும் துளைக்கவும் எடுக்கவும் புதிதாக இடமில்லை என்று அச்சட்டம் சொல்லிற்று. வரவேற்கத்தக்கதே. ஆனால் முன்பே நடந்துகொண்டிருந்த துளைகளை அது தொடவில்லை. 2017 சூன் 30இல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து தீப்பற்றியபொழுது, நீதி கேட்ட மக்களை அடித்துத் துரத்திச் சிறையிட்டதும் இதே பழனிசாமி ஆட்சியின் காவல்துறைதான் என்பதையும் மறந்துவிடலாகாது.

அறிவிப்பு எழுந்த மண் எது? கொங்கு மண்ணின் சேலம். அறிவித்தவர் எவர்? அம்மண்ணில் பிறந்தவர். ஆனால் சட்டத்தின் கோட்டுக்குள் கொங்கின் ஓர் ஊராவது வந்ததா? இல்லை. அதே ஆண்டுகளில் கொங்குத் தோட்டங்களில் என்ன நடந்தது? நடுவண் மாநிலமாகிய சத்தீசுகட்டின் இராய்கரிலிருந்து கரூர் மாவட்டத்துப் புகளூருக்கு 800 கிலோவோல்ட்டு உயர்மின்தடம் வந்துகொண்டிருந்தது. 1885ஆம் ஆண்டு வெள்ளையன் இயற்றிய தந்திச் சட்டத்தைக் காட்டி உழவர்களின் நிலத்தில் கோபுரங்கள் நடப்பட்டன. எதிர்த்தவர்கள் சிறைப்பட்டனர். அன்று எதிர்க்கட்சியாயிருந்த தி.மு.க. உழவர்க்கு ஆதரவாகப் பேசிற்று.

2021இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. கெயில் குழாய்ப் பணி தருமபுரி மாவட்டத்தில் தொடர்ந்தது. 2022 ஏப்ரலில் அங்கே அப்பணியை எதிர்த்து நின்ற உழவர் ஒருவர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். அவர் பெயரை இங்கு எழுதோம். அவர் குடும்பத்தின் துயர் அவர்களுடையது. ஆனால் அவ்வுயிருக்கு விடை சொல்ல வேண்டியவை, பத்தாண்டுகளுக்கும் மேலாக அக்குழாயைப் பற்றி மாற்றி மாற்றிப் பேசிய கட்சிகள் அத்தனையும் ஆம்.

அக்குழாயோடு முடிந்ததா? கோவையை அடுத்த இருகூரிலிருந்து கருநாடகத்துத் தேவனகொந்திக்கு எரிநெய் கொண்டு செல்லப் பாரத் பெட்ரோலியம் நிறுவனம் மற்றொரு குழாயை வகுத்தது. இருகூரிலிருந்து முத்தூர் வரையுள்ள பகுதியில், இருபதாண்டுகளுக்கு முன்பே தோட்டங்களின் ஊடாகப் புதைக்கப்பட்ட பழைய குழாயின் தடத்திலேயே புதியதையும் புதைக்க முற்பட்டனர். கோவை, திருப்பூர் மாவட்டத்து உழவர்கள் அதை எதிர்த்து, சாலையோரமாகக் கொண்டு போங்கள் என்று மீண்டும் கேட்டனர். அன்று கேட்டதே இன்றும் கேட்கப்படுகிறது. ஒரு குழாய்க்கு இடம் கொடுத்த தோட்டம் இரண்டாவதற்கும் வழியாகிறது. நாளை மூன்றாவது வரும். முதற்குழாயின்போது இழந்தது நிலமன்று, நிலத்தைப் பற்றிப் பேசும் உரிமை என்பதை இப்பொழுதேனும் உணர்க.

தடை எழுப்புவோர்க்கு விடை

'கோவையின் வார்ப்பாலைகளுக்கும் திருப்பூரின் சாயப்பட்டறைகளுக்கும் எரிபொருள் வேண்டாமா? நாட்டுக்கு வேண்டிய எரிநெய்யில் பெரும்பங்கை அயல்நாட்டிலிருந்து வாங்குகிறோமே, உள்நாட்டில் எடுத்தால் தவறா?' என்று கேட்பார் உண்டு. கேள்வி முறையானதே, விடையும் முறையாகவே தருவோம்.

எரிபொருள் வேண்டும். அடுப்பெரிய வேண்டும் என்பதற்காக வீட்டுக் கூரையைப் பிடுங்கி எரிப்பார் உண்டா? சாலையோரமாகக் கொண்டு சென்றால் செலவு சற்று மிகும், அவ்வளவே. அச்செலவை ஏழு மாவட்டத்து உழவர்கள்மீது சுமத்தினால் அது கணக்கேட்டில் வாராது. ஆகலின் 'சிக்கனம்' எனப்படுகிறது. உழவனின் இழப்பைக் கணக்கில் எழுதாமல் விட்டுவிட்டு ஊதியம் காட்டுவது வளர்ச்சியன்று, திருட்டுக் கணக்கு. தொழில் வளர்ச்சி என்ற பெயரில் நொய்யலைச் சாயக் கால்வாயாக்கி, ஒரத்துப்பாளையம் அணையை நஞ்சுத் தேக்கமாக்கிய பட்டறிவு கொங்குக்கு உண்டு. அங்கே பாசன நிலம் கெட்ட பின்னரே, 2011 சனவரியில் உயர்நயன்மன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிற்று. கெடுத்தபின் மூடுவது எந்த வளர்ச்சியைச் சேர்ந்தது?

ஏதம் வெறும் கற்பனையன்று. 2014 சூன் 27இல் ஆந்திரத்து நகரம் என்னும் ஊரில் கெயிலின் எரிவளிக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் கருகி மாண்டனர். ஊரருகே புதைக்கும் குழாய் ஊரின் உயிரோடு விளையாடுவது என்பதற்கு அதனினும் சான்று வேண்டுமா?

எல்லைக்கப்பால் ஆப்பிரிக்கக் கண்டத்தையும் பாருங்கள். நைசீரியாவின் நைசர் ஆற்றுப் படுகையில் 1956இல் எரிநெய் கண்டனர். ஒகோனி என்னும் சிறு மக்களினம் தன் மீன்வளத்தையும் விளைநிலத்தையும் எரிநெய்க் கசிவுக்குப் பலி கொடுத்தது. வளம் தலைநகருக்குப் போயிற்று. கசடு ஒகோனியர்க்குத் தங்கிற்று. அதைக் கேட்ட எழுத்தாளர் கென் சாரோ-விவாவும் அவரோடு எண்மரும் 1995 நவம்பர் 10இல் தூக்கிலிடப்பட்டனர். தன் மண்ணடியின் மேல் தனக்கு உரிமையில்லாத எந்த இனமும் தன் மண்ணின்மேலும் உரிமை இழக்கும். ஒகோனியின் வரலாறு நமக்கு எச்சரிக்கை.

வேண்டுவது யாது?

கட்சிக்காரரிடம் இனிமேல் நாம் கேட்கவேண்டியது ஒன்றே: 'நீ ஆட்சியில் இருந்தபொழுது என்ன சொன்னாய்?' இரு கழகங்களுக்கும் தில்லியில் வலிமை இல்லாமலா போயிற்று? 2014இல் தமிழகத்தின் 39 இடங்களுள் 37ஐ அ.தி.மு.க. வென்றது. 2019இல் 38ஐயும், 2024இல் 39ஐயும் தி.மு.க. கூட்டணி வென்றது. அத்துணை உறுப்பினரை அனுப்பியும், எரிநெய் பற்றிய அதிகாரத்தை மாநிலத்தோடு பகிர்வதற்கோ, உழவனின் இசைவின்றிக் குழாய் புதைக்கும் சட்டத்தை மாற்றுவதற்கோ அவர்களால் இயலவில்லை. மாறாக, 1948ஆம் ஆண்டு எரிநெய் வயல்கள் சட்டம் 2025இல் திருத்தப்பட்டு, மீத்தேனும் பாறைவளியும் எரிநெய்யும் ஒரே பெயரின்கீழ் மேலும் இறுகக் கட்டப்பட்டன. நாம் தூங்கினோம், தில்லி தூங்கவில்லை.

ஆகலின் நாம் முன்வைப்பவை இவை. முதலாவது, தமிழகத்து மண்ணிலும் மண்ணடியிலும் எதைச் செய்யவும் தமிழகச் சட்டமன்றத்தின் இசைவும் அவ்வூர் மக்கள் மன்றத்தின் இசைவும் கட்டாயமாதல் வேண்டும். இரண்டாவது, காவிரிப் படுகைக்குத் தந்த காப்புச் சட்டத்தைக் கொங்கின் தோட்டப் பகுதிகளுக்கும் விரித்தல் வேண்டும். படுகை உழவன் தாயின் மகன், கொங்கு உழவன் மாற்றாந்தாயின் மகன் என்னும் பிரிவினை ஆகாது. மூன்றாவது, குழாய்கள் யாவும் சாலையோரமாகவே செல்ல வேண்டும். நான்காவது, நிலத்தைப் பற்றிய எந்த அறிவிக்கையும் தமிழில் வெளிவந்தாலன்றிச் செல்லாது என்னும் நிலை வேண்டும். 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உழவனின் உரிமையைப் பறிக்கும் அறிவிக்கை இந்திய அரசிதழில் வருகிறது. அவ்வரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சாகிறது. அதை எதிர்த்து முறையிடத் தரப்படுவதோ 21 நாள். அயன்மொழியில் அறிவித்துவிட்டு, ஏன் முறையிடவில்லை என்று கேட்பதைவிடப் பெரிய ஏமாற்று உண்டா?

கொங்கு உழவனுக்குப் போராட்டம் புதிதன்று. 1970 சூனில் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் எழுந்தவர்களுள் மூவர் துமுக்கிக்கு இரையாயினர். 1972இல் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் மாட்டுவண்டிகளால் கோவை நகரையே நிறுத்திக் காட்டினர். அன்றைய அவ்வியக்கம் கட்சிக்கொடியின்கீழ் நிற்காமையால் ஆட்சியாளர் அஞ்சினர். 1982இல் அது கட்சியாக மாறியபின் அவ்வச்சம் தேய்ந்தது. அதன்பின் சாதியின் பெயரால் கொங்கில் எழுந்த கட்சிகளோ ஒரு தேர்தலில் ஒரு கூட்டணி, மறுதேர்தலில் மறுகூட்டணி என்று இடம் தேடித் திரிந்தன. சாதிக் குடைக்குள் உழவன் ஒதுங்கினால் குழாய் நின்றுவிடுமா? குழாய் சாதி பார்த்துப் புதைவதில்லை. வேட்டுவரின் காட்டையும் வேளாளரின் தோட்டத்தையும் அருந்ததியரின் குடிசையையும் அது ஒரே கோட்டில் கடக்கிறது. மண்ணைப் பறிப்பவன் நம்மை ஒன்றாகவே பார்க்கிறான். காப்பவர்களாகிய நாமும் ஒன்றாகவே நிற்க வேண்டும்.

உழவனே, இனி உன் வாயிலுக்கு வரும் கட்சிக்காரன் எந்தக் கொடியோடு வந்தாலும் அவனிடம் ஒரு தாளை நீட்டு. நெடுஞ்சாலை ஓரம் என்று எழுதச் சொல். ஊர் இசைவு என்று எழுதச் சொல். தமிழில் எழுதச் சொல். கீழே ஒப்பமிடச் சொல். அவன் ஒப்பமிட மறுப்பானாகில், அவனது நாவில் இருக்கும் சொல் எந்தப் பக்கத்தது என்பதை நீயே அறிவாய்.

மண் நமது! மண்ணடியும் நமது! அவற்றைக் குறிக்கும் சொல்லும் நமதாகவே இருக்கட்டும்!